வயது வரம்பு

செப்டம்பர் 4

அக்கா,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. ஆறு முறை அடித்தேன். ஐந்து முறை மணி அடித்து ஓய்ந்தது. ஆறாவது முறை அப்பா எடுத்து, "அவ லென்ஸ் தீட்டிக்கிட்டிருக்காம்மா, கையெல்லாம் தண்ணி" என்றார். ஒரு வாரமாக ஒரே லென்ஸையா தீட்டுகிறாய்? கடிதம் என்றால் கையைத் துடைத்துவிட்டுப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்துவிட்டேன். மாணவர் பரிமாற்ற அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் விமான நிலையத்தில் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நாங்கள் பதினோரு பேர், ஆளுக்கொரு நாடு. பேச மொழி இல்லாததால் சிரித்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலத்துக்குள் கன்னம் வலித்துவிட்டது.

நான் தங்கியிருக்கும் வீட்டம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார். பெரிய பேருந்து, நடுவில் மடிந்து திரும்புகிற வகை. விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். வீட்டுக்காரர் வெளியூரில் வேலையாக இருக்கிறாராம். ஒரே மகள். அவள்தான் இப்போது நம் வீட்டில், என் கட்டிலில். நான் அவள் கட்டிலில். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரிதான். அவள் தன் அலமாரியில் எனக்குப் பாதியைக் காலி செய்து, மீதிப் பாதியை நாடா ஒட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறாள்.

பகலெல்லாம் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இந்தத் தெருவை இந்த எட்டு நாளில் நூறு முறை நடந்திருப்பேன். மருந்துக்கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

விண்ணப்பத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அது உன் துணிக்கடியில் இருந்தது. இருபத்தைந்து வயது வரை என்று போட்டிருந்தது. உனக்கு இருபத்தைந்து முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. உனக்கு ஆகாதது எனக்காவது ஆகட்டுமே என்று எடுத்துக்கொண்டு போனேன். கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. இது உனக்குப் புரியுமா? எனக்கே சரியாகப் புரியவில்லை.

தங்கை


செப்டம்பர் 19

தங்கைக்கு,

அப்பா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நான் கோபமாக இல்லை. வேலையாக இருக்கிறேன். காலாண்டுப் பரீட்சை மாதம், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெற்றோர் வரிசையாக வருகிறார்கள். நம் கண்ணாடிக் கடையில் நாம் மூன்று பேர் இருந்தோம், இப்போது இரண்டு பேர். கணக்கு உனக்கே தெரியும்.

உனக்குப் பதிலாக வந்தவள் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். அப்பா அன்றே "நெட்டை" என்று பெயர் வைத்துவிட்டார். அவளும் அதுதான் மரியாதையான பெயர் என்று நினைத்து எல்லாரிடமும் அப்படியே சொல்லிக்கொள்கிறாள். தபால்காரரிடம் போய் "வணக்கம், நான் நெட்டை" என்றாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்று ஒப்புக்கொண்டார்.

வருவதற்கு முன்னால் இரண்டு வருடம் நம் பாஷை படித்தாளாம், கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறாள். நான் கடைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொன்னால், "வருவீங்கன்னு எப்படித் தெரியும்?" என்கிறாள். விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்கிறாள். சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்து பிரேம்களைத் துடைக்கிறாள். நீ ஒவ்வொன்றாகப் போட்டு அழகு பார்ப்பாய். அவள் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கிறாள். அப்பாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அமைப்பின் தாள்களில் வீட்டுப் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "நீயே போடும்மா, எனக்கு அந்தப் பாஷை தெரியாது" என்று அப்பா நகர்ந்துவிட்டார். நீ போவதற்காக, உன் கட்டிலில் படுக்க வருகிறவளுக்கு நான் பொறுப்பு. நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறாய். அது உனக்கு எப்படித் தெரியும்? எட்டு மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பெட்டி கட்டும்போது வந்து சொன்னாய். அம்மா இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். நான் அம்மா இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 8

அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் படித்தேன். நெட்டை கதையில் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். இன்னொருவர் வாயால் உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அமைப்பு எங்களை ஒரு பள்ளிக்கூடத்து அரங்குக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஒவ்வொருவரும் இந்த ஊர் மொழியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு, "என்னை இங்கே அனுப்பியவர்". மற்றவர்கள் ஆசிரியர், மாமா, அம்மா என்று பேசினார்கள். என் முறை வந்தது. இருநூறு பேர். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த வார்த்தைகளை வைத்து என்ன சொல்ல முடியுமோ அதைச் சொன்னேன். "எனக்கு ஒரு அக்கா. அவருக்கு வர ஆசை. வயது தாண்டிவிட்டது. அவர் தன் விண்ணப்பத்தை எனக்குக் கொடுத்தார். நீ போ என்றார்."

எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்தார். அக்கா, அந்த அரை நிமிடம் நானே அதை நம்பினேன். நீ கொடுத்த மாதிரியும், நான் வாங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. இறங்கி வந்ததும் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டம்மாவும் வந்திருந்தார். சீருடையோடு கடைசி வரிசையில் இருந்தார். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. உன் முகவரியைக் கேட்டார், நான் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வகுப்பில் உட்கார முடியவில்லை. நடுவில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எல்லாரும் எனக்கு வீட்டு ஞாபகம் என்று நினைக்கிறார்கள். அது இல்லை. என்னைப் பற்றிச் சொல்லப்படுகிற நல்ல பெண் எப்போது வருவாள் என்று நானே காத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

திட்டு. ஆனால் எழுது.

தங்கை


அக்டோபர் 27

தங்கைக்கு,

அந்த அம்மாளின் கடிதம் உன் கடிதத்துக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. நெட்டைதான் கடையில் உட்கார்ந்து நம் பாஷையில் சொல்லிக்கொண்டு வந்தாள். "உங்களைப் போன்ற ஒரு அக்கா எல்லாருக்கும் வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். "சொந்த ஆசையை மடித்து அடுத்தவர் கையில் கொடுப்பது சுலபமில்லை" என்றும் எழுதியிருக்கிறார். அப்போது ஒரு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திருகாணி கீழே விழுந்துவிட்டது. மூன்று பேரும் தரையில் தேடினோம்.

வாத்தியார் போனதும் நெட்டையிடம் சொன்னேன். "இதுல ஒண்ணுகூட உண்மையில்ல. நான் எதையும் குடுக்கல." அவள் அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தேன். தலையை ஆட்டினாள். "அம்மாவும் எனக்குப் பொய்தான் எழுதறாங்க. நானும் அவங்களுக்குப் பொய்தான் எழுதறேன்" என்றாள்.

அவளுடைய அப்பா வெளியூர் வேலைக்குப் போகவில்லை. வீட்டை விட்டே போய்விட்டார். இவள் விமானம் ஏறிய மறுநாளே. பல நாள் சண்டையாம். இவள் அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அவளுடைய அம்மா இவளை அனுப்பியிருக்கிறார். அப்பாவே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் சொல்லவில்லை. இவளும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "என் வீடு நான் இல்லாதப்ப முடிஞ்சுபோச்சு. நான் இங்க பிரேம் துடைச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திரும்பிப் போக வேண்டும் என்கிறாள். அவளாக விலகினால் அம்மா கையெழுத்து வேண்டும். அம்மாவிடம் வாய் திறக்கமாட்டாள். ஆனால் "இந்த மாணவி எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை" என்று பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தால் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். அந்தத் தாளை அவளே வாங்கி வந்துவிட்டாள். ஆறு மாதத்துக்குள் ஒருத்தி திரும்பினால் ஜோடியில் மற்றவளும் அந்த வீட்டில் இருக்க முடியாது. மூன்று வாரத்தில் வேறு வீடு கிடைக்காவிட்டால் பயணச்சீட்டு. விதி ஒன்பது. நீயும் படித்திருப்பாய்.

தாள் கடை மேசையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா


நவம்பர் 7

அக்கா,

இப்போது காலை. உன் கடிதம் நேற்று வந்தது. நாலு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உனக்கு இது வேண்டித்தானே இருந்தது? கை அழுக்காகாமல் என்னைத் திருப்பிக் கூப்பிட ஒரு தாள். போட்டுவிடு. போட்டுவிட்டு "அவளுக்காகத்தான் போட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள். நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கிவிடலாம், தியாக அக்கா. இப்போதுதான் இங்கே எனக்கு வாய் திறந்திருக்கிறது. நேற்று ரொட்டிக்கடையில் பேரம் பேசினேன், தெரியுமா? நேற்றுத்தான்.

இதையும் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. நான் இப்படியும் நினைத்தேன் என்று உனக்குத் தெரியட்டும்.

இப்போது மாலை. வகுப்புக்குப் போகவில்லை. வீட்டம்மாவின் பேருந்தில் ஏறி, இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். முழுச் சுற்றும் ஒன்றரை மணி நேரம். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவருக்குப் பத்து நிமிட ஓய்வு. ஸ்டீயரிங் மேல் துணியை விரித்து ரொட்டியை வைத்துக்கொண்டார். நான் முன்னால் போய் நின்று, இலக்கணமெல்லாம் போகட்டும் என்று, "நான் பொய். மேடையில. அக்கா குடுக்கல. நான் எடுத்தேன்" என்றேன்.

அவர் மென்று முடித்தார். "என்கிட்ட ஏன் சொல்ற? உங்க அக்காகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"சரி. இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று பாதி ரொட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் நெட்டை என்னை மன்னிக்கமாட்டாள், சொல்லாவிட்டால் நான் இங்கே நிம்மதியாக ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகலாம். நின்றுகொண்டே இருந்தேன்.

"உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியும். அவ அப்பா சொல்லிட்டாராம். திரும்பி வரணும்கிறா."

"எல்லாம் நல்லா இருக்குன்னுதானே எழுதறா."

"நானும் எங்க அப்பாவுக்கு அப்படித்தான் எழுதறேன்."

அவர் குடுவை மூடியைத் திருகினார். மரை பிடிக்கவில்லை, மறுபடி கழற்றித் திருகினார். வெளியே ஆட்கள் ஏறுவதற்காகக் கதவைத் தட்டினார்கள். பேருந்து நாலு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

அக்கா, என்னை வைத்துக்கொள்வதற்காக அவளைப் பிடித்து வைக்காதே. ஒருங்கிணைப்பாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். வீடு கிடைத்தால் இருக்கிறேன், கிடைக்காவிட்டால் வந்துவிடுகிறேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தங்கை


நவம்பர் 10

வாலு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும், போகட்டும்.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைத் திறந்தேன். "பொருந்தவில்லை" என்ற இடத்தைப் பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு பொய் ஒரு அரங்கம் முழுக்கக் கை தட்டு வாங்கியிருக்கிறது, போதும். இன்னொன்று வேண்டாம். நெட்டையிடம் சொன்னேன். "நீ எங்க வீட்டுக்குப் பொருந்தற. அதனால நான் எழுதமாட்டேன். உங்க அம்மாகிட்ட நீயே கேளு. நான் பக்கத்துல உட்காந்திருக்கேன்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிரேம்களைத் துடைத்துத் தாறுமாறாக வைத்தாள். நேற்று மதியம் அவளுடைய அம்மாவே கூப்பிட்டுவிட்டார். அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவள் என் கையைப் பிடித்திருந்தாள், அதில் புரிந்தது. இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறாள்.

உன் இடம் என்ன ஆகும் என்று தெரியாது. அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உனக்கு நஷ்டம் வந்தால் அதில் என் பங்கும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த விண்ணப்பம் வயது தாண்டிய பிறகு வந்தது இல்லை. ஏறக்குறைய நாலு வருடத்துக்கு முன்னால் வாங்கி வந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு. அப்பாவுக்கு இடுப்பு வலி, கடைக்கு ஆள் இல்லை, நீ பள்ளியில் படிக்கிறாய் என்று காரணம் அடுக்கிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் நின்றது அதற்காக இல்லை. பயந்தேன். தெரியாத வீட்டில் கதவைத் தட்டி "நான்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்வதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் அதை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். வயது தாண்டிய அன்று எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வயது வரம்பைச் சொன்னேன்.

நீ போனபோது வந்த கோபம், நீ எடுத்துக்கொண்டாய் என்பதற்காக இல்லை. இவ்வளவு சுலபமா என்பதற்காக. நீ பேனாவை எடுத்தாய், எழுதினாய், போய்விட்டாய்.

இதை எழுதி முடித்ததும் கிழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இப்போதே தபால்பெட்டிக்குப் போகிறேன்.

அக்கா


டிசம்பர் 4

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனபோது, "இது மூணு வருஷம் பழைய படிவம்மா, புதுசு வாங்கிக்கோ" என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்போதே ஏதோ உறுத்தியது. கேட்கவில்லை. கேட்டால் உன் கதை தெரிந்துவிடும், தெரிந்தால் என்னால் போக முடியாது. ஆக, எனக்கு வந்தது தைரியம் இல்லை, அக்கா. கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான்.

நெட்டை வந்துவிட்டாள். வாசலில் பெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. என்னை மேலிருந்து கீழே பார்த்து, "ஏண்டி வாலு, தலைய வாரமாட்டியா?" என்றாள். அக்கா, அப்படியே உன் குரல். உன் புருவம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் மூன்று பேருந்து மாறி ஊரைச் சுற்றிவிட்டு வந்தேன். அங்கே எனக்கு வேலை இல்லை என்று என்னாலேயே புரிந்துகொள்ள முடிந்தது. செப்டம்பரில் என்றால் கதவில் காதை வைத்திருப்பேன்.

ஒருங்கிணைப்பாளர் வீட்டைப் பார்க்க வந்தார். வேறு வீடு கிடைக்கவில்லை, சீட்டு எடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் வந்தாராம். வீட்டம்மா விதி ஒன்பதைக் கையில் வாங்கிப் படித்தார். "வீட்டுல இருக்கறவங்க சம்மதிச்சா இருக்கலாம்னு கீழ எழுதியிருக்கே. இவ சொல்லட்டும்" என்று மகளைக் காட்டினார். நெட்டை பால்கனிக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்து, "ஜன்னல் பக்கம் எனக்கு. அலமாரி பாதிப் பாதி. என் அம்மாவ அம்மான்னு கூப்பிடக் கூடாது" என்றாள். நான் மூன்றுக்கும் சரி என்றேன்.

ஒற்றுமையாக இருக்கிறோம் என்று நினைக்காதே. நேற்று ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை. நான் அவளுடைய மொழியில் திட்டினேன், அவள் நம் பாஷையில் திட்டினாள். யார் ஜெயித்தது என்று தெரியவில்லை. கோபத்தில் எனக்கு ஒரு இலக்கணப் பிழைகூட வரவில்லை. வீட்டம்மாவே சொன்னார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நெட்டை கிளம்பும்போது உன் மேசையில் வேறு ஏதோ படிவம் இருந்ததாம். என்னவென்று கேட்டதற்கு, "வேலையப் பாரு" என்று சொன்னாயாம். என்ன அது?

தங்கை


டிசம்பர் 20

வாலு,

அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கண் பரிசோதனைப் படிப்பு. இரண்டு வருடம். இங்கிருந்து ரயிலில் ஒன்பது மணி நேரம். இத்தனை வருடம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து லென்ஸ் தீட்டினேன். இனி அந்தச் சீட்டை நானே எழுதலாம். இதற்கு வயது வரம்பு கிடையாது. இரண்டு முறை கேட்டேன். "அம்பது வயசுக்காரர்கூட சேர்ந்திருக்கார், நீங்க என்னங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். சாக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. நின்ற இடத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்து வந்தது நகல்தான். அசலை எடுத்து வந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இடம் கிடைத்த பிறகு அப்பாவிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. கடையை யார் பார்ப்பார்கள், மருந்தை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னபோது அவர் தினசரியை மடித்து வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பொறக்கறதுக்கு முன்னாடி இந்தக் கடைய யாரு பாத்தா?" என்றார். "எனக்காக இருக்கேன்னு நீ சொல்லிக்கிட்டே இருந்த. நான் இருன்னு எப்பம்மா சொன்னேன்?" யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. அவர் சட்டென்று எழுந்து பிரேம்களைத் துடைக்கப் போய்விட்டார். அவர் துடைத்து நான் பார்த்ததே கிடையாது.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியை மூன்று தரம் கட்டி மூன்று தரம் பிரித்தேன். ஒரு சமயம் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். பிறகு மறுபடி எடுத்தேன். சும்மா உட்கார முடியவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டார்.

ஜனவரி ஐந்தாம் தேதியிலிருந்து என் முகவரி மாறுகிறது. பின்பக்கம் எழுதியிருக்கிறேன். விடுதியில் மூன்றாவது மாடி. அறையில் இன்னொருத்தி இருப்பாளாம், யாரென்று தெரியாது. முதல் நாள் கதவைத் தட்டி என்ன சொல்ல வேண்டும்? அலமாரியில் எந்தப் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும், கேட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா? உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது. சிரிக்காமல் எழுது. நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் உன் கடிதம் அங்கே இருக்கட்டும்.

அக்கா